இரண்டு சனல்களும் ஒரு மரண அறிவித்தலும்

நான் கோபக்காரி. வானொலியில் என்னுடைய சனிக்கிழமை நிகழ்ச்சி தொடங்கியதும் ஒரு கோபத்தில்தான்.

ஊரில் போர் முடிகிற மாதங்களில் லண்டன் தமிழர்கள் நாங்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் நடுரோட்டில் இருந்து கத்தினோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஊற்றிக்கொண்டு போவோம். தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், அதுவரை நான் வேதவாக்காக நம்பிய ஆங்கிலச் சனல், எந்த பஸ் எந்த வழியால் திருப்பி விடப்பட்டது என்று விபரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏன் ரோட்டில் இருந்தோம் என்பதற்குக் கடைசியில் அரை வசனம். சரி, சீனாக்காரன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று அவர்களுடைய ஆங்கிலச் சனலைத் தேடிப் பிடித்தேன். அங்கே அரை வசனமும் இல்லை. அவர்கள் ஒரு அறுவடையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கோதுமை நன்றாக விளைந்திருந்தது.

அன்று வந்த எரிச்சல் பிறகு ஒரு பழக்கமாகிவிட்டது. தெற்கு லண்டனில், டூட்டிங்கில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் எங்கள் வானொலி இருக்கிறது. இணையத்தில் மட்டும் கேட்கும். கீழே கருவாட்டுப் பெட்டி இறக்குகிற நாட்களில் ஒலிபரப்பு அறைக்குள்ளும் அது மணக்கும். நேயர்களுக்கு அந்த மணம் போகாதது அவர்கள் செய்த புண்ணியம். பார்மசி வேலை இல்லாத நாட்களில் அங்கே செய்தியும் மரண அறிவித்தலும் வாசிக்கிறேன். சனிக்கிழமை காலை ஒரு மணித்தியாலம் எனக்கென்று தந்தார்கள். ஒரே சம்பவத்தை மேற்கத்தைய சனல் எப்படிச் சொன்னது, சீனச் சனல் எப்படிச் சொன்னது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பிறகு நேயர்கள் தொலைபேசியில் வந்து சண்டை பிடிப்பார்கள்.

அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தேன். இடப்பக்கம் மேற்கு சொன்னது, வலப்பக்கம் சீனா சொன்னது, நடுவில் சிவப்பு மையில் இரண்டு பேரும் சொல்லாதது. அந்தச் சிவப்பு மையில்தான் எனக்குப் பெருமை முழுவதும்.

பார்க்கப் பார்க்க இரண்டு பேருடைய வித்தையும் பிடிபட்டுவிட்டது. சீனாவில் ஒரு பாலம் கட்டினால், 'பாலம் கட்டியிருக்கிறார்கள், ஆனால்' என்று மேற்கத்தையச் சனல் தொடங்கும். கட்டாவிட்டால் ஏன் கட்டவில்லை என்று தொடங்கும். அந்தச் சனலில் சீனாவுக்கு வெயில் எறித்து நான் கண்டதில்லை. ஒரு கிழவர் கமெராவைப் பார்த்துச் சிரித்தால், அவர் பயத்தில் சிரிக்கிறார் என்று பின்குரல் விளக்கம் தரும். சீனச் சனலில் இதற்கு நேர்மாறு. அங்கே சிரிக்காத மனிதர் கிடையாது, மந்திரிமார் கத்தரிக்காயைத் தடவிப் பார்த்தும் சிரிப்பார்கள். மழை முழுவதையும் பிரித்தானியாவுக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். லண்டன் எப்படிச் சீரழிந்துவிட்டது என்று காட்ட ஒருமுறை நான் இருக்கிற மனோர் பார்க் பக்கத்து வீதி ஒன்றைக் காட்டினார்கள். வாசலுக்கு வாசல் குப்பைப் பை. அது குப்பை லொறி வருகிறதுக்கு முதல் நாள் பின்னேரம். கவுன்சில் சொன்னபடி நேரத்துக்குக் குப்பையை வெளியில் வைத்த ஒழுங்கான சனத்தை, நாட்டின் வீழ்ச்சி என்று உலகத்துக்கே காட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. நான் அந்தப் பூசணிக்காயைத் தோண்டி எடுக்கிறவள் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நேயர்களில் இரண்டு கட்சி. ஆர்ச்வேயிலிருந்து ஒரு அண்ணை எடுப்பார். "சீனச் சனல் கேட்கிறதும் கொழும்பு மந்திரி சொல்லுறதைக் கேட்கிறதும் ஒண்டுதான்" என்பது அவருடைய கட்சி. அவருக்கு முன்னாலே எடுத்துவிடுகிறவர் டூட்டிங் அண்ணை. ஊரில் கூட்டுறவுச் சங்க மனேஜராக இருந்தவர், இங்கே இருபது வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்றவர், வானொலிக்குப் பின்வீதியில்தான் வீடு. நான் வணக்கம் சொல்லி முடிக்க முதலே லைனில் நிற்பார். வெள்ளைக்காரன் எங்களுக்குச் செய்த துரோகத்துக்குப் பிறகு அவர் சீனச் சனலைத் தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை. "தங்கச்சி, வெள்ளைக்காரன் இந்தக் கிழமை எதைச் சொல்லாமல் விட்டவன்? அதை முதல்ல சொல்லும்" என்பார். சீனாவின் ஒழுங்கு, சீனாவின் ரயில், சீனாவின் பெற்றோர் பக்தி என்று அவர் கதைக்கத் தொடங்கினால் விளம்பரம் போட்டுத்தான் நிறுத்தவேண்டும்.

அப்படிப்பட்டவருடைய கடைசி மகள், ஒரு சீனப் பெடியனை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்தாள்.

அன்றோடு அவர் அவளை விலக்கி வைத்துவிட்டார். கலியாணப் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூத்த மகன் ஹரோவில் இருக்கிறான், அடுத்த மகள் கனடாவில். அவளோடு கதைக்கக்கூடாது என்று அவர்களுக்கும் கட்டளை போனது. இது எனக்குத் தெரிய வந்தது அந்தப் பெண்ணும் கணவரும் மனோர் பார்க்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த பிறகு. ஒருநாள் வேலிக்கு இங்கால் நின்று நான் டெலிபோனில் யாரையோ ஏசிக்கொண்டிருக்க, அங்காலிருந்து ஒரு தலை எழும்பியது. "நீங்கள் ரேடியோ அன்ரிதானே? சனிக்கிழமை சனிக்கிழமை என்ரை அப்பாவோடை சண்டை பிடிக்கிற ஆள்." இங்கே பிறந்து வளர்ந்தவள், வீட்டுத் தமிழை அப்படியே கதைப்பாள்.

ஒருமுறை நிகழ்ச்சி முடிந்து படியிறங்கும்போது கீழே கடையில் அவர் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார். வாய் சும்மா இருக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"அண்ணை, சீனாவை இவ்வளவு மதிக்கிறீங்கள். வீட்டுக்கே ஒரு சீன மருமகன் வந்தால் சந்தோசப்படவேணும் எல்லோ?"

அவர் கத்தரிக்காயைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். "தங்கச்சி, அரசியல் வேறை, சம்பந்தம் வேறை" என்றார். அவ்வளவுதான் விளக்கம். எங்களுடைய ஆட்கள் அறுபது வருடமாகச் சொல்லுகிற விளக்கம் என்பதால் எனக்கும் உடனே விளங்கியது.

அந்த மருமகனுக்கு ஒரு ஆய்வுகூடத்தில் வேலை. அமைதியான மனிதர். வெள்ளிக்கிழமைகளில் என் குசினி மேசையில் இருந்து, நான் சுட்டுப் போடப்போட தோசையைச் சாப்பிட்டுக்கொண்டு, மறுநாள் நிகழ்ச்சிக்கான செய்திகளை என்னோடு சேர்ந்து பார்ப்பார். சீனச் சனல் ஆங்கிலத்தில் சொல்வதும் சொந்த ஆட்களுக்குச் சீன மொழியில் சொல்வதும் ஒன்றில்லை என்பதை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். அவர் பிறந்த நகரத்தைப் பற்றி மேற்கத்தையச் சனல் ஒருநாள் ஒரு படம் போட்டது. ஆளில்லாத சாம்பல் வீதி, மூடிய கதவுகள். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, அது பழைய பஸ் நிலையத்தின் பின்பக்கம், முன்பக்கத்தில் சந்தை, சனம் நெரியும் என்றார். அடுத்த கிழமை சீனச் சனல் அதே நகரத்தைக் காட்டியது. பூந்தோட்டம், பலூன், பந்து விளையாடுகிற பிள்ளைகள். இது எந்தப் பக்கம் என்று கேட்டேன். இது எங்கள் ஊரே இல்லை என்றார். மறுநாள் நிகழ்ச்சியில் இரண்டையும் சொன்னேன், நல்ல பெயர் கிடைத்தது. யார் சொல்லித் தந்தது என்று நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருப்பது மாமனார் என்பது ஒரு சாட்டு. பெருமையைப் பங்குபோட விருப்பமில்லை என்பதுதான் உண்மை.

அண்ணையின் மனைவிக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிப்போகிற ஆஸ்பத்திரி வான் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. இது மகளின் காதுக்கு எட்டியதும் மருமகன் தன் ஷிப்டை மாற்றிக்கொண்டார். மனோர் பார்க்கிலிருந்து விடிய வெளிக்கிட்டு, லண்டனுக்குக் குறுக்கே காரோட்டிப் போய், டூட்டிங்கில் வாசலுக்கே போய் மாமியைக் கைபிடித்து ஏற்றுவார். மகள் ஆஸ்பத்திரியில் காத்திருந்து, இரத்தம் சுத்தமாகி முடியும்வரை தாயின் பக்கத்தில் இருப்பாள். தாய் வீட்டில் சொன்னது, ஆஸ்பத்திரி புது டிரைவர் ஒருவரை அனுப்புகிறது என்று. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய இது நடந்தது.

இதில் உச்சம், அண்ணை ஒரு சனிக்கிழமை என் நிகழ்ச்சியில் வந்து சொன்னது. "தங்கச்சி, வெள்ளைக்காரன் சீனரைப் பற்றி என்னவும் சொல்லட்டும். என்ரை மனுசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது ஒரு சீனப் பெடியன். ஒரு நிமிசம் பிந்தினது கிடையாது. கதவைத் திறந்து, பெல்ட் போட்டுவிட்டு, பிறகுதான் தான் ஏறுவான். பெத்த பிள்ளையும் அப்படிச் செய்யாது. இதை எந்தச் சனல் காட்டும்?" நான் மைக்குக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். எல்லாரும் விட்டதைச் சொல்லுகிறவள், அன்று தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு, நேயருக்கு நன்றி சொன்னேன். தாய் மகள் மூலம் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தா, அதனால் அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கம் வந்தது அதற்குப் பிறகு.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அம்மா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டா.

எங்கள் மரண அறிவித்தலைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். அது வெறும் சாவுச் செய்தி இல்லை. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அன்புத் தாயும், இன்னார் இன்னாரின் அன்பு மாமியும் என்று பெயர் பெயராக, நாட்டுக்கு நாடு சொல்லிக்கொண்டு போகும். ஒரு மனிதருக்கு யார் யார் சொந்தம் என்று ஊருக்கு முன்னால் கடைசியாகச் சொல்லுகிற இடம் அதுதான். தாய் வழி ஒன்றுவிட்ட சகோதரியின் பெயர் விடுபட்டதற்காகப் பத்து வருடம் முகம் பார்க்காத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மூத்த மகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவித்தல் என் கைக்கு வந்தது. அன்புத் தாய் என்ற இடத்தில் இரண்டு பிள்ளைகள். அன்பு மாமி என்ற இடத்தில் ஒரு மருமகள், ஒரு மருமகன். கடைசிப் பிள்ளை அந்தத் தாய்க்குப் பிறக்கவே இல்லை.

அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். துக்கம் சொன்னேன். பிறகு, "அண்ணை, அறிவித்தலில ஒரு பேர் விடுபட்டிருக்கு" என்றேன்.

"விடுபடேல்லை தங்கச்சி" என்றார். "நீர் வாசிக்கிற ஆள். எழுதிறது குடும்பம்."

நான் எங்கள் வானொலிப் பொறுப்பாளரிடம் போனேன். "குடும்பம் தாறதை நாங்கள் வாசிக்கிறம். எங்களுக்குப் பக்கம் இல்லை, அக்கா" என்றார். எங்களுக்குப் பக்கம் இல்லை என்று சொல்லாத சனல் உலகத்தில் எது? அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். நான் தண்ணீர் குடித்துவிட்டு மைக்குக்கு முன்னால் போய் இருந்தேன். காலை எட்டு மணி, மதியம் ஒரு மணி, பின்னேரம் ஆறு மணி. அறிவித்தல் போன மூன்று நாளும் அந்த அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று என் குரலில் நான் வாசித்தேன். 'இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்தேன். பக்கத்து வீட்டில் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரிந்துதான் வாசித்தேன். அந்தக் கிழமை சனிக்கிழமையும் நிகழ்ச்சி செய்தேன். ஒரு வெள்ளப்பெருக்கில் மேற்கு எதை மறைத்தது, சீனா எதை மறைத்தது என்று முழு மணித்தியாலமும் அனல் பறக்கக் கதைத்தேன். ஊருக்கு உபதேசம் செய்ய எனக்குத் தொண்டை ஒருநாளும் கட்டுவதில்லை.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் மகள் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்றாள். அப்பாவைக் குழப்பாதே, பின்னுக்கு நில் என்று தமையன் சொல்லியிருந்தான். அவள் கணவர் காரை நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். அண்ணை அவரைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்களிடம், "ஆஸ்பத்திரி டிரைவர். வேலையை விட்டிட்டு வந்திருக்கிறான். பாருங்கோ, எங்கையோ பிறந்தவனுக்கு இருக்கிற மனுசத்தன்மை" என்றார். மருமகனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பின்னால் சுவரோடு நின்றவளுக்கு எல்லாம் விளங்கியது.

அண்ணைக்கு ஆளைத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடப் படத்தில் வெள்ளைக்காரன் எதை வெட்டினான் என்று கண்டுபிடிக்கிற மனிதர், தன் வாசலில் இரண்டு வருடமாக வந்து நின்றவனைக் கண்டுபிடிக்கவில்லை என்று நம்புவது கஷ்டம். அதோடு, பிடித்த கையை விடுவதற்கு அவருக்கு அதிக நேரம் எடுத்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அதற்கும் ஒரு அறிவித்தல் உண்டு, பழையபடி பெயர்ப் பட்டியலோடு. மகன் அனுப்பினான். பழையபடி இரண்டு பிள்ளைகள். அன்று எனக்குப் பொறுக்கவில்லை. பொறுப்பாளர் கீழே கடைக்குப் போயிருந்தார். மைக்கைத் திறந்து, மூன்று பிள்ளைகளின் அன்புத் தாய் என்று மூன்று பெயரையும் வாசித்தேன்.

பிறகு மருமக்களின் இடம் வந்தது. அவருடைய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும், என் மேசையில் தோசை சாப்பிடுகிறவர். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் சொன்னால் கிழவர் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். அந்தத் தமிழ்ப் பெயர்களுக்கு நடுவில் ஒரு சீனப் பெயர் வந்தால் சனம் சிரிக்கும் என்றும் நினைத்தேன். ஹரோ மருமகள், கனடா மருமகன், முற்றுப்புள்ளி. பாம்பும் சாகவில்லை, தடியும் முறியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. அண்ணை. "தங்கச்சி, நாங்கள் தந்ததில ரெண்டு பேர்தானே."

"ஓம் அண்ணை. நான்தான் சேர்த்தனான்."

ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். அவர் திருத்தச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டார். மதியமும் பின்னேரமும் அப்படியே வாசித்தேன். பொறுப்பாளர் குதித்தார், குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு ரயிலில் வரும்போது, இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே உண்மையான செய்தி இதுதான் என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

என் வாசலில் அவள் நின்றாள். "தாங்க்ஸ் அன்ரி" என்றாள். "அம்மாவின்ரை பேரோடை என்ரை பேரும் கேட்டது."

நான் பெருந்தன்மையாக அவள் தோளைத் தட்டினேன். அவள் போகவில்லை.

"அவரும் கேட்டவர்" என்றாள். "தமிழ் விளங்காதெண்டாலும், என்ரை பேர் வந்தவுடனை, இனித் தன்ரை பேர் வருமெண்டு வோலியூமைக் கூட்டினவர். மற்ற ரெண்டு பேரும் வந்திச்சு. பிறகு பாட்டுப் போட்டிட்டீங்கள். ஒண்டும் சொல்லேல்லை. ரேடியோவை நிப்பாட்டிப்போட்டுக் கோப்பை கழுவப் போயிட்டார்."

விழப்போகிறவள் போல, பிடிக்க ஒரு மரக்கொப்பைத் தேடினேன், கிடைத்தது. "ஆண்டுத் திவசத்துக்கும் அறிவித்தல் வரும்தானே பிள்ளை. அப்ப அவரையும் கட்டாயம் சேர்க்கிறன்" என்றேன்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அம்மா ஒருக்காத்தான் செத்தவ, அன்ரி" என்றாள்.